பெருநாள் இரவு விருந்து: முதன்முறையாகச் சமைப்பவர்களுக்கு



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் குர்பானியின் சட்டங்களைப் பேசுவோம். எந்தப் பிராணி, எத்தனை வயது, எப்போது அறுப்பது, எப்படிப் பங்கிடுவது என்று எல்லாம் சொல்வோம். பங்கிட்ட கறி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதை மட்டும் நாங்கள் பேசுவதில்லை. அது பெண்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம். இருபது ஆண்டுகளாக இமாமத் செய்யும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினெட்டு நாட்கள் இருக்கும்போது என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, அடுப்பின் முன் நெடுநேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் தாயார் அதற்கு முந்தைய ஆண்டுதான் வஃபாத்தாகியிருந்தார்கள். வீட்டில் எண்பதை நெருங்கும் அத்தா, பதினான்கு வயது மகன், பத்து வயது மகள். தம்பி குடும்பமும் பெருநாள் இரவுக்கு வழக்கம்போல் வருவதாக இருந்தது. மொத்தம் பத்துப் பேர்.

"கடையில் பிரியாணி வாங்கிக்கலாம்" என்றேன். அத்தா எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "உங்க அம்மா இல்லாத இரண்டாவது பெருநாள்" என்று மட்டும் சொன்னார்கள். அன்று இரவு நான் மனைவியிடம், "நான் ஆக்குகிறேன், நீ உட்கார்ந்து சொல்லு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "என்னங்க, டீ போட்டாலே பால் பொங்குது உங்களுக்கு" என்றார்.

அந்தப் பெருநாளில் நான் கற்றதை முதன்முறையாகப் பெருநாள் விருந்து சமைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். புதிதாக மணமான தம்பதியர், வெளிநாட்டில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள், தாயை இழந்த வீடுகள், மனைவி நோயுற்ற வீடுகள் ஆகிய எல்லோருக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

ஆண்கள் சமைப்பது குறைவா?

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. மனிதர்களில் சிறந்தவருக்குக் குறைவாகப் படாத வேலை நமக்குக் குறைவாகிவிடாது.

இன்னொரு நபிமொழியும் இங்கே பொருந்தும். உங்கள் பணியாளர் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உங்களோடு உட்கார வைத்து உண்ணச் செய்யுங்கள், முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள், ஏனெனில் அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவரே என்ற கருத்தில் அது அமைந்திருக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை மத்ரஸாவில் மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அடுப்படியில் வியர்த்து நின்ற அன்றுதான் "சூடு" என்ற சொல்லின் பொருள் எனக்குப் புரிந்தது. பணியாளருக்கே இந்த உரிமை என்றால், சமைத்துத் தரும் தாய்க்கும் மனைவிக்கும் உள்ள உரிமை என்ன?

எதைச் சமைப்பது?

முதல் தடவை பிரியாணியில் கை வைக்காதீர்கள். கறியும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் பதமாக வேண்டும் என்பதால், ஒன்று தவறினால் இரண்டும் கெடும். எங்கள் தஞ்சைப் பகுதி வீடுகளில் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் நெய்ச்சோறு, கறிக்குருமா, தால்ச்சா, தயிர்ப் பச்சடி என்ற வரிசை வழக்கம். ஒவ்வொன்றும் தனிப் பாத்திரம். ஒன்று சற்றுப் பிசகினாலும் மற்றது காப்பாற்றும். புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. இனிப்புக்குச் சேமியா பாயசம் போதும்.

பத்துப் பேருக்கு நான் எடுத்துக்கொண்ட அளவு: சீரகச் சம்பா அரிசி 1 கிலோ, குருமாவுக்குக் கறி ஒன்றரைக் கிலோ, தால்ச்சாவுக்கு எலும்பு அரைக் கிலோ, துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், வெங்காயம் ஒன்றேகால் கிலோ, தக்காளி அரைக் கிலோ, தேங்காய் 2, நெய் 200 கிராம், தயிர் முக்கால் லிட்டர், இஞ்சி 150 கிராம், பூண்டு 200 கிராம். இதில் பிள்ளைகளும் அடக்கம். எல்லோரும் பெரியவர்கள் என்றால் அரிசியைக் கால் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள்.

முந்தைய நாள்: அரஃபா தினம்

பெருநாள் சமையலில் பாதி, பிறை ஒன்பதிலேயே முடிந்துவிட வேண்டும். அன்று பலர் அரஃபா நோன்பு வைத்திருப்பார்கள். அதனால் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி, பூண்டு தோல் நீக்கி அரைத்து, சிறிது எண்ணெயும் உப்பும் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெங்காயத்தை உரித்து வையுங்கள். வெட்டுவது மறுநாள். அரிசியில் கல் பொறுக்குங்கள். பருப்பை அளந்து வையுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சிறு கிண்ணங்களில் போட்டு வையுங்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்த பிறகு ஏலக்காய் டப்பாவைத் தேடியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நோன்பாளி உப்புப் பார்க்க வேண்டிய தேவை வந்தால், நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, விழுங்காமல் துப்பிவிடலாம். தேவைக்காக இதற்கு அனுமதி உண்டு என்று ஃபிக்ஹு நூல்களில் விளக்கியிருக்கிறார்கள்.

மிக்ஸி ஓடுகிறதா, குக்கரின் ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறதா, கேஸ் எவ்வளவு மீதமிருக்கிறது என்றும் அன்றே பாருங்கள். பெருநாள் அன்று கடை திறந்திருக்காது.

கறி வீட்டுக்கு வந்ததும்

நோன்புப் பெருநாளில் சில பேரீச்சம்பழங்களைச் சாப்பிட்டுவிட்டுத் தொழுகைக்குப் போவது சுன்னத். ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுகை முடிந்து திரும்பிய பிறகு சாப்பிடுவது சுன்னத். தொழுகை முடிந்து, குர்பானி கொடுத்து, கறி வெட்டி வீடு வந்து சேர நண்பகல் ஆகிவிடும். எனவேதான் ஹஜ்ஜுப் பெருநாளின் பெரிய விருந்து பல வீடுகளில் இரவுக்குத் தள்ளிப்போகிறது. அது நல்லதும்கூட. அறுத்த சில மணி நேரத்தில் இறைச்சியின் தசைகள் இறுகி விறைத்துவிடும். பிறகு மெல்ல மெல்லத்தான் தளரும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் இருந்த கறி, விறைத்த நிலையில் அடுப்பேற்றிய கறியைவிட மென்மையாக வேகும். அன்றிரவே சமைப்பதானால் தயிரில் ஊறவைப்பதும் குக்கரில் நிதானமாக வேகவிடுவதும் உதவும்.

முதல் வேலை பங்கீடு. அடுப்பைப் பற்ற வைக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். தமக்கு ஒரு பங்கு, உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என மூன்றாகப் பிரிப்பது விரும்பத்தக்கது. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்தான குர்பானியாக இருந்தாலும் ஒரு பகுதியை ஏழைக்குச் சமைக்காத கறியாகக் கொடுத்தே ஆக வேண்டும். சமைத்து விருந்துக்கு அழைப்பது அதற்கு ஈடாகாது. நேர்ச்சை குர்பானி என்றால் கொடுத்தவர் அதிலிருந்து உண்ணக் கூடாது. எனவே உங்கள் வீட்டுக் குர்பானி எந்த வகை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அறுப்பவருக்கும் உரிப்பவருக்கும் கூலியைப் பணமாகத் தனியே கொடுக்க வேண்டும். தோலையோ கறியையோ கூலியாகக் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அலீ (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

பங்கிடும்போது நான் செய்த ஒரு தவறு: நல்ல தொடைக்கறியை எல்லாம் விருந்துக்கு என்று எடுத்து ஒதுக்கிவிட்டேன். படுக்கையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "உங்க அம்மா முதல்ல கொடுக்கிற பையைத்தான் கட்டுவாங்க. மிச்சம் இருக்கிறதுதான் நமக்கு" என்றார். மீண்டும் எல்லாவற்றையும் கலந்து பிரித்தேன். என் தாயார் வீட்டு விருந்தில் எலும்பு அதிகம் இருந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்து, கறியைக் காப்பது. சில ஆண்டுகளாக ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாத வெயிலில் வருகிறது. அந்தச் சூட்டில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பத்துக் கிலோவை ஒரே பையில் போட்டு உறைபெட்டியில் திணித்தால் வெளிப்புறம் உறைந்தாலும் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருந்து கெட்டுப்போகும். அரைக் கிலோ, ஒரு கிலோப் பைகளாகத் தட்டையாகப் பரப்பி வையுங்கள். எடுத்துச் சமைக்கும்போது உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி முதல் நாள் இரவே தளரவிடுங்கள்.

குர்பானிக் கறியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க முதலில் தடை இருந்தது. மதீனாவுக்கு வறியவர்கள் வந்து சேர்ந்த ஆண்டில் விதிக்கப்பட்ட தடை அது. பின்னர் உண்ணுங்கள், தர்மம் செய்யுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதி வந்தது. எனவே சேமிப்பது கூடும். ஆனால் தடைக்கான காரணத்தை நினைவில் வைத்திருப்பவர் உறைபெட்டியை நிரப்பும் முன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்.

கழுவும்போது கவனிக்க வேண்டியவை: பாய்ந்து ஓடும் இரத்தம்தான் ஹராம். கறியிலும் நரம்புகளிலும் தங்கிவிடும் இரத்தம் மன்னிக்கப்பட்டது. தண்ணீர் சிவந்து வருகிறதே என்று பத்து முறை அலச வேண்டாம். இரண்டு மூன்று முறை கழுவி, துளைத்தட்டில் கால் மணி நேரம் வடியவிடுங்கள். ஈரம் வடியாத கறி வதங்காது. ஹனஃபி மத்ஹபில் பித்தப்பை, மூத்திரப்பை, கொழுப்புக்குள் இருக்கும் சுரப்பிக் கட்டிகள் போன்றவற்றை உண்ணக் கூடாது என்பதால் வெட்டும்போதே நீக்கச் சொல்லுங்கள். பித்தப்பை உடைந்து ஈரலில் பட்டால் கசப்பு போகாது என்பதால் சமையல் கணக்கிலும் அது அவசியம்.

கறிக்குருமா

கறியில் கெட்டித் தயிர் ஒரு டம்ளர், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசறி இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

அகலமான குக்கரில் எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, நீளமாக நறுக்கிய வெங்காயம் அரைக் கிலோவைப் பொன்னிறமாக வதக்குங்கள். இதற்கு இருபது நிமிடங்கள் ஆகும். இங்கே அவசரப்பட்டால் குருமாவுக்கு நிறமும் வராது, ருசியும் வராது. பிறகு இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி. பச்சை வாடை போனதும் தக்காளி. தக்காளி கரைந்ததும் தீயைக் குறைத்து, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் நான்கு மேசைக்கரண்டி. தூள் கருகினால் கசக்கும் என்பதால் உடனே கறியைப் போட்டுப் புரட்டுங்கள். கறி விட்ட நீர் வற்றி எண்ணெய் ஓரத்தில் தெரியும்வரை வதக்கி, ஒன்றரை டம்ளர் வெந்நீர் விட்டு மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து இருபது நிமிடம். ஆவி அடங்கியதும் ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலுக்குப் பிரிந்தால் சரி. இல்லையென்றால் இன்னும் பத்து நிமிடம். ஆட்டின் வயதைப் பொறுத்து இது மாறும். விசில் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

அரை மூடித் தேங்காய், பதினைந்து முந்திரி, ஊறவைத்த கசகசா ஒரு மேசைக்கரண்டி மூன்றையும் நைசாக அரைத்து, கறி வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் அடிப்பிடிக்கும். சேர்த்த பின் திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிடம். எண்ணெய் மேலே மிதந்ததும் மல்லி இலை தூவி இறக்குங்கள்.

தால்ச்சா

எலும்பை மஞ்சள், உப்பு சேர்த்துத் தனியே வேகவைத்துச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புகளையும் குழைய வேகவைத்து மசித்து, எலும்போடும் சாற்றோடும் சேருங்கள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு அதில் கொட்டி, நான்காக வகுந்த கத்தரிக்காய் ஐந்தும் சுரைக்காய்த் துண்டுகளும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் மாங்காய்த் துண்டுகள். கடைசியில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள்.

புளியை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும்? புளிப்பு பட்டால் பருப்பும் காயும் வேகத் தாமதமாகும். நான் இது தெரியாமல் புளிக்கரைசலில் பருப்பைப் போட்டு மூன்று கால் மணி நேரம் காத்திருந்தேன். பருப்பு முழுசாகவே கிடந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு பருப்பு வேகவைத்தேன். ஒதுக்கி வைத்தது மறுநாள் காலை இன்னும் ஒரு மணி நேரம் குக்கரில் வெந்து சாம்பாரானது. எதையும் கொட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நெய்ச்சோறு

விருந்தின் மானம் இதில் இருக்கிறது. எல்லாம் தயாரான பிறகு, சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குங்கள். அரிசியை மெதுவாகக் களைந்து இருபது நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். சீரகச் சம்பா பொடி அரிசி. அழுத்திக் களைந்தால் உடையும், அதிகம் ஊறினால் குழையும்.

அடிகனமான பாத்திரத்தில் நெய் 150 கிராமும் எண்ணெய் சிறிதும் காய்ந்ததும் பட்டை மூன்று துண்டு, கிராம்பு ஆறு, ஏலக்காய் ஆறு, பிரிஞ்சி இலை இரண்டு. பிறகு வெங்காயம் கால் கிலோ. இங்கே வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடிபோல் வதங்கினால் போதும். சிவந்தால் சோற்றின் வெண்மை போய்விடும். கீறிய பச்சை மிளகாய் நான்கு, புதினா ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி.

அரிசி அளந்த அதே டம்ளரால், ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றேமுக்கால் டம்ளர் என்ற கணக்கில் தேங்காய்ப்பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். பாதி பால், பாதி தண்ணீர். பால் நீர்த்ததாக இருக்கட்டும். கெட்டிப் பால் அடியில் பிடிக்கும். உப்புப் போட்டு அந்த நீரை ருசி பாருங்கள். நாக்குக்குச் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால்தான் அரிசி வெந்த பிறகு சரியாக இருக்கும்.

கொதி வந்ததும் அரிசியைப் போட்டு ஒரே முறை கிளறுங்கள். நீர் வற்றி அரிசியின் மட்டத்துக்கு வந்து குமிழ்கள் தெரியும்போது தீயை மிகவும் குறைத்து, பாத்திரத்தின் அடியில் தோசைக்கல்லை வைத்து, மூடியின் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்றுங்கள். இதுதான் தம். பதினைந்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து இன்னும் பத்து நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது, கிளறக் கூடாது.

நான் இரண்டையும் செய்தேன். பயத்தில் மூன்று தடவை திறந்து, கரண்டியால் அடிவரை கிளறினேன். மேலே நின்ற அரிசி உடைந்தது, அடியில் பிடித்துக்கொண்டது. கருகிய வாடை கூடம்வரை போயிற்று. மகள் ஓடி வந்து, "அத்தா, அம்மா சொல்றாங்க, கிளறாதீங்களாம், சுரண்டாதீங்களாம், அடுப்பை அணைச்சிட்டு மேலே இருக்கிறதை மட்டும் வேற சட்டியில எடுத்துப் போடுங்களாம்" என்றாள். அப்படியே செய்தேன். மேலே ஈரத்துணி போர்த்தி மூடிவைத்தேன். அடிப்பிடித்த சோறு எதற்கும் இதுவே முதலுதவி. சுரண்டினால் கருகல் முழுவதிலும் கலந்துவிடும்.

வேறு சில முதலுதவிகளையும் சொல்கிறேன். குருமாவில் உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு சிறிதளவு குழம்பைத்தான் உறிஞ்சும். உப்பைத் தனியே பிரித்து எடுக்காது. உப்பில்லாத தேங்காய்ப்பாலோ தேங்காய் விழுதோ கூட்டி அளவைப் பெருக்குவதுதான் வழி. காரம் கூடினால் தயிரோ முந்திரி விழுதோ உதவும். தேங்காய்ப்பால் திரிந்துபோகாமல் இருக்க, ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். குழம்பு நீர்த்துவிட்டால் கவலை வேண்டாம். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? எங்கள் தால்ச்சா அன்று அந்த வகையில் நான்கு வீடுகளுக்குப் போனது.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

இரவு எட்டரை மணிக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். லுஹருக்குள் பங்கீடு முடியட்டும். மூன்று மணிக்குக் கறியைத் தயிரில் ஊறவையுங்கள். அஸர் தொழுதுவிட்டு எலும்பும் பருப்பும் அடுப்பேறட்டும். ஐந்தரைக்குக் குருமா. மஃரிபுக்கு முன் குக்கர் இறங்கிவிட வேண்டும். மஃரிபுக்குப் பிறகு தால்ச்சாவை முடித்து, பாயசம், பச்சடி. ஏழரைக்கு நெய்ச்சோறு. தம்மில் இருக்கும்போது அடுப்பருகே ஒருவர் இருக்க, மற்றவர்கள் இஷாவை நிறைவேற்றலாம். அவர்கள் திரும்பியதும் இவர் தொழுதுகொள்ளலாம்.

சமையலுக்காகத் தொழுகையை வக்து தவறவிடக் கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வெட்கம் வருகிறது. நான் பள்ளிவாசலில் முதல் ஸஃப்புக்கு அழைத்துக்கொண்டிருந்த பெருநாட்களில், என் தாயார் எத்தனை தொழுகையைக் கடைசி நேரத்தில், மசாலா மணக்கும் சேலையை அவசரமாக மாற்றிக்கொண்டு தொழுதிருப்பார்கள்! ஒருவர் மட்டும் அடுப்பில் நின்றால் அப்படித்தான் ஆகும். இருவர் மூவர் நின்றால் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும். என் மகன் அன்று ஒன்றேகால் கிலோ வெங்காயமும் வெட்டினான். கண்ணீர் வழிய, "அம்மா தினமும் இதைச் செய்யுறாங்களா?" என்று கேட்டான்.

சஹனில் உட்கார்ந்தபோது

எங்கள் பகுதியில் விருந்தைச் சஹனில் வைப்போம். பெரிய தட்டு ஒன்றில் சோறு, அதைச் சுற்றி நான்கைந்து பேர். சேர்ந்து உண்பதில் பரக்கத் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும். நடுவில் பரக்கத் இறங்குவதால் ஓரங்களிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த ஒழுக்கங்களைப் பாடமாகச் சொல்வதைவிட ஒரு சஹனில் உட்கார வைப்பது எளிது.

அன்று இரவு ஒரு சஹனில் அத்தா, தம்பி, பையன்கள். இன்னொன்றில் தம்பி மனைவி, என் மகள், தம்பி மகள்கள். என் மனைவியைத் தலையணை வைத்து அதில் முதலில் உட்கார வைத்தோம். பரிமாறியது நானும் தம்பியும். மனைவி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் தலை நிமிரவில்லை. ருசி சரியில்லையோ என்று நான் தவித்துப்போனேன். பிறகு அவர் சொன்னார்: "பதினாறு பெருநாள் இந்த வீட்டில ஆக்கியிருக்கேன். சூடா இருக்கும்போது சாப்பிடுறது இதுதான் முதல் தடவை."

கூடத்தில் யாரும் பேசவில்லை. அத்தா மட்டும், "உங்க அம்மாவும் அப்படித்தான்" என்றார்கள். நான் கல்லூரியில் வரலாற்றில் பி.ஏ. படித்தவன். மன்னர்களின் விருந்துகளைப் பற்றிப் பல பக்கங்கள் வாசித்திருக்கிறேன். என் வீட்டில் நாற்பது பெருநாள் விருந்துகள் நடந்திருக்கின்றன. அவற்றைச் சமைத்தவர் எப்போது சாப்பிட்டார் என்று ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. நாங்கள் கை கழுவிவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். அம்மா அடுப்படியில் மிச்சத்தை ஆறிய பிறகு சாப்பிட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு கவளம் சூடாகக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை. அல்லாஹ் அவர்களை மன்னித்து, சொர்க்கத்தின் உணவைக் கொடுப்பானாக. ஆமீன்.

அன்றைய சோற்றில் இலேசான கருகல் வாடை இருந்தது உண்மை. யாரும் அதைச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். முதன்முறையாகச் சமைப்பவருக்கு வீட்டார் செய்யக்கூடிய பேருதவி இந்தச் சுன்னத்தைக் கடைப்பிடிப்பதுதான். அதே சுன்னத்தைப் பதினாறாவது முறை சமைப்பவரிடமும் கடைப்பிடியுங்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, உங்கள் தாயாரிடம் அவர்களின் சமையலை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கண் அளவுதான்" என்பார்கள். பக்கத்தில் நின்று அவர்கள் கை அள்ளியதை அளந்து எழுதுங்கள். என் தாயாரின் தால்ச்சாவில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று பெரியம்மாவிடம் கேட்டேன், மனைவியிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு, பெருநாளும் அதையடுத்த தஷ்ரீக் நாட்களும் உண்ணவும் பருகவும் அல்லாஹ்வை நினைவுகூரவும் உரிய நாட்கள் என்பது நபிமொழி. அந்த நாட்கள் அடுப்படியில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கும் தக்பீர் சொல்லவும் உறவுகளைப் பார்க்கவும் ஓய்வெடுக்கவும் நேரம் கிடைக்கும்படி வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பண்டங்களைக் குறைத்தாலும் குற்றமில்லை.

மூன்று, சமைத்தவர் உட்காரும்வரை சஹனில் கை வைக்காதீர்கள். இப்போது எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். என் மனைவி நலமாகிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். குருமா மீண்டும் அவர் கைக்குப் போய்விட்டது, எல்லோருக்கும் அதில் மகிழ்ச்சி. நெய்ச்சோறு மட்டும் ஒவ்வொரு பெருநாளும் என் பொறுப்பு. இப்போதெல்லாம் மூடியைத் திறப்பதில்லை.

வல்ல அல்லாஹ் நம் குர்பானிகளையும் நம் வீட்டாரின் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.